இரண்டு மனுதாரர்களும் ஓர் அலமாரிப் பேய்க்கதைகளும்

கீழ்பென்னாத்தூர்
11 மார்ச் 2025

முதல் மனுதாரர் முருகவேல் அவர்களுக்கு,

இரண்டாம் மனுதாரர் எழுதுவது. விவாகரத்து மனுவில் நம்மை இப்படித்தானே போட்டிருக்கிறார்கள்? கல்யாணப் பத்திரிகையில்கூட நம் பெயர்கள் இவ்வளவு ஒழுங்காக அடுத்தடுத்து வரவில்லை.

இருசப்பன் வக்கீல் பாத்திரம், பீரோ, கட்டில் எல்லாவற்றையும் பிரித்து எழுதிவிட்டார். புத்தக அலமாரி என்றதும் சிரிக்கிறார். "பேய்க்கதைக்கெல்லாம் நான் எங்கம்மா பங்கு போடறது? நீங்க ரெண்டு பேருமே பேசிப் பிரிச்சிக்குங்க" என்கிறார். பேசிப் பிரிக்கச் சொல்கிறார், அதுவும் உங்களிடம்! போனில் கேட்டால் ஒரு 'ம்' வரும், அப்புறம் மூச்சுச் சத்தம் வரும். அதனால் எழுதுகிறேன்.

ஏற்பாடு இதுதான். அலமாரி உங்கள் வீட்டில் இருக்கிறது. ஒன்றிரண்டாக அனுப்புங்கள். நீங்களும் அபிப்பிராயம் எழுதுங்கள், நானும் எழுதுகிறேன். யார் சொல்வதில் விஷயம் இருக்கிறதோ புத்தகம் அவருக்கு. நான் வேலை செய்யும் லேபிலிருந்து ரத்த சாம்பிள் வண்டி தினமும் சாயங்காலம் திருவண்ணாமலை வருகிறது. டிரைவர் இளவரசனிடம் கொடுத்தால் போதும். ரத்தக் குப்பிகளுக்கு நடுவே பேய்க்கதை வருவதில் அவருக்கு ஆட்சேபணை இல்லையாம்.

ஒரே நிபந்தனை. புத்தகம் தவிர வேறு பேச்சு வேண்டாம். ஆகஸ்டில் கோர்ட்டில் மறுபடி கூப்பிட்டு, இன்னமும் சம்மதமா என்று கேட்பார்கள். அதுவரை சண்டையில்லாமல் போகட்டும்.

மதிவதனி

---

திருவண்ணாமலை
17 மார்ச் 2025

வதனிக்கு,

ஏற்பாடு சரி. 'பூட்டிய வீட்டில் ஈரத்துணி', 'செவ்வாய்க்கிழமை மருமகள்' இரண்டையும் அனுப்பியிருக்கிறேன். மறுபடி படித்துவிட்டுத்தான் அனுப்புகிறேன். மத்தியானத்தில் கெஸ்ட் ஹவுஸில் என் ரிசப்ஷனுக்கு யாரும் வருவதில்லை.

ஈரத்துணி: ஆளில்லாத வீட்டின் கொடியில் தினமும் ஒரு புடவை ஈரமாகத் தொங்குகிறது. முதல் பாதியில் அவ்வளவுதான் நடக்கிறது. அதற்கே எனக்கு முதுகு சில்லிட்டது. பின்பாதியில் புடவைக்காரி வந்து பல்லைக் காட்டியதும் பயம் போய்விட்டது. காட்டாத வரைக்கும்தான் பேய். இந்த ஆசிரியருக்குப் பொறுமை கம்மி.

மருமகள்: வாரமெல்லாம் வாய் திறக்காத பெண், செவ்வாய்க்கிழமை ஆனால் பேய் பிடித்து மாமியார் மாமனாரை நிற்கவைத்துக் கேள்வி கேட்கிறாள். கேட்பதெல்லாம் நியாயமாகவே இருக்கிறது. அப்புறம் அது எப்படிப் பேய்? எனக்கு இந்தப் புத்தகம் பிடிபடவில்லை.

அடுத்து 'பனங்காட்டு டவர்' அனுப்பட்டுமா? நீ அதை முழுதாகப் படித்ததில்லை என்று நினைக்கிறேன்.

முருகவேல்

---

கீழ்பென்னாத்தூர்
2 ஏப்ரல் 2025

முதல் மனுதாரர் அவர்களுக்கு,

உங்கள் கடிதத்தை நந்தினி அண்ணியிடம் காட்டினேன். "இத்த அவருதான் எழுதினாரா, யாராவது எழுதிக் குடுத்தாங்களா?" என்று கேட்டாள். சந்தேகம் நியாயமானதுதான். எட்டு வருஷக் குடித்தனத்தில் இத்தனை வாக்கியங்களை உங்களிடமிருந்து ஒரே மூச்சில் நான் வாங்கியதில்லை.

ஈரத்துணியில் நீங்கள் ஒன்றைக் கவனிக்கவில்லை. எதிர்வீட்டுக்காரர் தினமும் அந்தப் புடவையைப் பார்க்கிறார். பார்த்துவிட்டுக் கதவைச் சாத்திக்கொள்கிறார். ஒருநாள்கூட "யாரும்மா அது?" என்று குரல் கொடுக்கவில்லை. கொடுத்திருந்தால் கதை பத்துப் பக்கத்தில் முடிந்திருக்கும். அவள் அதற்குத்தான் காயப்போட்டாள். யாராவது கேட்பார்களா என்று காத்துப் பார்த்து, கடைசியில்தான் பல்லைக் காட்டினாள். புத்தகம் எனக்கு.

மருமகள் உங்களுக்கு. 'அது எப்படிப் பேய்?' என்று எழுதினீர்களே, அந்த ஒரு வரிக்காக. நம் பக்கத்தில் பொம்பளைக்குப் பேய் பிடித்தால்தான் கேட்ட கேள்விக்குப் பதில் வருகிறது. எனக்கும் பிடித்துத் தொலைத்திருக்கலாம். அந்த நேரத்துக்கு யோசனை வரவில்லை.

டவரை அனுப்புங்கள். பாதியில் வைத்ததுதான். ஏன் வைத்தேன் என்று படித்த பிறகு சொல்கிறேன்.

மதிவதனி

---

திருவண்ணாமலை
15 மே 2025

வதனிக்கு,

தாமதமாகிவிட்டது. சித்ரா பௌர்ணமிக்கு ரூம் எல்லாம் நிறைந்து, வராந்தாவில்கூடப் பாய் போட்டுக் கொடுத்தோம். கிரிவலம் போய்க் காலில் கொப்புளத்தோடு வந்தவர்களுக்கெல்லாம் வெந்நீர் கேட்டால் சமையல்காரர் என்மேல் பாய்கிறார்.

டவர் இத்துடன். டவரில் ஏறி விழுந்து செத்தவன் தினமும் பெண்டாட்டிக்குப் போன் செய்கிறான். எடுத்தால் பேசுவதில்லை. ஆசிரியர் அவளுடைய பயத்தை நன்றாக எழுதியிருக்கிறார். கரண்ட் போன நேரத்தில் மணி அடிக்கும் இடத்தில் நானே எழுந்து உட்கார்ந்துவிட்டேன்.

ஆனால் எனக்கு ஒரு குறை. போனின் அந்தப் பக்கத்தில் இருப்பவனைப் பற்றி ஓர் அத்தியாயம்கூட இல்லை. சொல்வதற்கு ஒன்றுமே இல்லாதவன் எதற்குத் தினமும் நம்பரைப் போட வேண்டும்? அவள் 'ஹலோ, ஹலோ' என்று கத்தும்போது அவனுக்குத் தொண்டையில் என்ன இருந்தது? அதை எழுதியிருந்தால் இந்தப் புத்தகம் எங்கேயோ போயிருக்கும். அதை யாரும் எழுதுவதில்லை.

புத்தகம் எனக்கு வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

முருகவேல்

---

கீழ்பென்னாத்தூர்
28 ஜூன் 2025

முருகவேல்,

நிபந்தனையை நானே மீறுகிறேன்.

அந்தப் பக்கத்து ஆளுக்கு அத்தியாயம் இல்லை என்கிறீர்கள். நான் அந்த ஆளோடு குடித்தனம் நடத்தினவள். ஒரு சின்னச் சண்டை வந்தால் வாரக்கணக்கில் பேச்சு நின்றுவிடும். சாப்பாட்டுத் தட்டைக் கழுவி வைப்பீர்கள், கேஸ் புக் பண்ணுவீர்கள், என் வண்டிக்குக் காற்றடித்து வைப்பீர்கள். வாய் மட்டும் திறக்காது. அதே மனுஷர் எந்த ஊரிலிருந்தோ வந்த வெள்ளைக்காரருக்குக் கீசர் எப்படிப் போடுவது என்று அரைமணி நேரம் விளக்குவதை நான் ரிசப்ஷனில் உட்கார்ந்து கேட்டிருக்கிறேன். என்னிடம் மட்டும் என்ன?

அப்பா செத்தபோது ஃப்ரீசர் பெட்டி, மாலை, சொந்தக்காரர்களுக்கு வேன், எல்லாம் நீங்கள்தான் பார்த்தீர்கள். தருமன் அண்ணன் இன்றைக்கும் அதைச் சொல்லிக் கையெடுத்துக் கும்பிடுகிறான். ஊரில் எல்லோரிடமும் பேசினீர்கள். நான் சுவரில் சாய்ந்து கிடந்தேன். என் பக்கத்தில் வந்து ஒரு வார்த்தை, 'வதனி' என்று ஒரு வார்த்தை, நீங்கள் சொல்லவில்லை. காரியம் முடிந்து வீட்டுக்கு வந்தும் சொல்லவில்லை. அன்றைக்குத்தான் எனக்கு விட்டுப்போயிற்று.

டவரைப் பாதியில் வைத்தது அதனால்தான். எனக்கு அது கதையாக இல்லை.

இந்தக் கடிதங்களில் எழுதுகிற மனுஷரை எனக்குப் பிடித்திருக்கிறது. அதை மறைக்க மாட்டேன். அதனால் கேட்கிறேன். நான் போவதில் உங்களுக்குச் சம்மதமா, இல்லையா? மழுப்பாமல் சொல்லுங்கள். ஆகஸ்டுக்கு முன்னால் எனக்குத் தெரிய வேண்டும்.

மதிவதனி

---

திருவண்ணாமலை
9 ஜூலை 2025

வதனிக்கு,

டவரை நீயே வைத்துக்கொள்.

அடுத்ததாக 'உப்புக்கிணற்று மேஸ்திரி' அனுப்பியிருக்கிறேன். நிதானமாக ஆரம்பிக்கும், விட்டுவிடாதே. கிணறு தோண்டும் இடத்தில் வர்ணனை ஜாஸ்தி, ஆனால் மண்வாசனை தெரிகிறது. பேய் வருவதே தெரியாமல் வந்துவிடுகிறது. மேஸ்திரியின் தங்கை பாத்திரம் உனக்குப் பிடிக்கும். அதற்கு அப்புறம் படிக்க 'சுங்கச்சாவடி ஆறாம் வழி' எடுத்து வைத்திருக்கிறேன். சின்னப் புத்தகம்தான்.

மற்ற கேள்வியைப் படித்தேன்.

முருகவேல்

---

கீழ்பென்னாத்தூர்
24 ஆகஸ்ட் 2025

முருகவேல்,

கோர்ட்டிலிருந்து வந்து சில நாளாக எழுத மனசில்லை. நடந்ததை உங்களுக்கே நான் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் நீங்கள் அங்கே நின்றீர்களே தவிர இருந்தீர்களா என்று எனக்குத் தெரியவில்லை.

ஜட்ஜம்மா என்னைக் கேட்டார். சம்மதம் என்றேன். உங்களைக் கேட்டார். நீங்கள் மேஜையைப் பார்த்தீர்கள். மறுபடி கேட்டார். "ஏம்பா, காது கேக்குதா?" என்றார். இருசப்பன் வக்கீல் உங்கள் முழங்கையைத் தொட்டார். நீங்கள் சம்மதம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. அக்டோபருக்குத் தள்ளிவைத்துவிட்டார்கள்.

வெளியே வந்தால் ஆளாளுக்குச் சந்தோஷம். "பாவம்டீ, பதிலே சொல்ல முடியல பாத்தியா, உம்மேல உசிர வெச்சிருக்காரு" என்று அண்ணி கண்ணைத் துடைத்துக்கொள்கிறாள். வக்கீல்கூட "யோசிச்சிப் பாரும்மா" என்கிறார். எல்லோருக்கும் அது அன்பாகத் தெரிந்தது. எனக்கு மட்டும்தான் அது எதுவென்று தெரியும். எட்டு வருஷம் அதற்குள்தான் சமைத்தேன், தூங்கினேன், வேலைக்குப் போனேன்.

கடிதத்தில் கேட்டேன், கிணற்று மேஸ்திரியை அனுப்பினீர்கள். கோர்ட்டில் கேட்டார்கள், மேஜையைப் பார்த்தீர்கள். இனி எனக்குக் குழப்பமில்லை. காகிதத்தில் இருக்கும் முருகவேலோடு என்னால் குடித்தனம் நடத்த முடியாது. நான் திரும்பி வர மாட்டேன். அக்டோபரில் நீங்கள் எதைச் சொன்னாலும் சரி, வாயைத் திறந்து சொல்லுங்கள். மறுபடி சும்மா நின்று என்னை அந்தரத்தில் தொங்கவிடாதீர்கள். எனக்குக் கோபம்கூட வற்றிவிட்டது, களைப்புதான் மிச்சம்.

மேஸ்திரியைப் படிக்கவில்லை. இளவரசனிடம் திருப்பிக் கொடுத்திருக்கிறேன்.

மதிவதனி

---

திருவண்ணாமலை
7 செப்டம்பர் 2025

வதனிக்கு,

சம்மதமில்லை என்று சொல்லத்தான் அன்றைக்கு வந்தேன். பஸ்ஸில் வரும்போது வாய்க்குள்ளேயே சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்தேன். உன் முகத்தைப் பார்த்ததும் தொண்டை அடைத்துவிட்டது. மற்றவர்களிடம் அப்படி ஆவதில்லை. ஊரார் பேச்சு எனக்கு முக்கியமில்லை, அதனால் சுலபமாகப் பேசிவிடுகிறேன். உன்னிடம் தப்பாக ஒரு வார்த்தை வந்துவிடக் கூடாது என்று யோசிப்பேன். யோசித்து முடிப்பதற்குள் நீ தூங்கிவிட்டிருப்பாய். மறுநாள் பேசினால் அசிங்கமாக இருக்கும் என்று தோன்றும். அப்படியே நாள் போய்விடும்.

இதை உனக்கு இரக்கம் வரவேண்டும் என்று எழுதவில்லை. அந்தப் பக்கத்து ஆளைப் பற்றி யாரும் எழுதுவதில்லை என்று குறை சொன்னேன் அல்லவா, அதனால் எழுதினேன்.

உன் கடிதத்தைப் பலதடவை படித்தேன். நான் சும்மா நின்றது உன்னைப் பிடித்துவைத்துக்கொண்டது என்பது எனக்கு உறைத்தது. அண்ணி சொன்னதைக் கேட்டால் எனக்கே வெட்கமாக இருக்கிறது.

அக்டோபரில் வாய் திறப்பேன். என்ன சொல்வேன் என்று இங்கே எழுத மாட்டேன். எழுதிவிட்டால் சொன்ன மாதிரி ஆகிவிடும், அங்கே வந்து மறுபடி நின்றுவிடுவேன்.

முருகவேல்

---

கீழ்பென்னாத்தூர்
19 அக்டோபர் 2025

அன்புள்ள முருகவேல்,

ஜட்ஜம்மா கேட்டு முடிப்பதற்கு முன்பே "சம்மதங்கம்மா" என்றீர்கள். கடைசி பெஞ்சில் வேறு கேஸுக்காக உட்கார்ந்திருந்தவர்கள்கூடத் திரும்பிப் பார்த்தார்கள். என் கையெழுத்து கோணலாகப் போனது. உங்களுடையது எப்போதும்போல இருந்தது.

அதோடு முடிந்தது என்று நினைத்து வெளியே வந்தேன். வண்டிகள் நிறுத்தும் இடத்துக்கு நீங்கள் பின்னாலேயே வந்து, அண்ணன் அண்ணி எல்லோரும் பார்க்க, நேராக என் முகத்தைப் பார்த்துச் சொன்னீர்கள். "நீ போறது எனக்குப் புடிக்கல வதனி. ஆனா நீ கேட்டது நாயம். ஒங்கப்பா போனப்ப ஒன் பக்கத்துல வந்தா நானும் ஒடஞ்சி அழுதுடுவேன், அப்பறம் வேலைய யாரு பாக்கறதுன்னுதான் தள்ளி நின்னேன். அப்படியே தள்ளி நின்னுட்டேன்." நடுவில் நிறுத்தவில்லை. முழுசாகச் சொல்லி முடித்தீர்கள். பிறகு என்னைப் பத்திரமாகப் போகச் சொன்னீர்கள்.

நான் பதில் சொல்லாமல் பஸ் ஏறிவிட்டேன். ஊர் வந்து சேரும்வரை அழுதேன். அண்ணி தண்ணீர் பாட்டிலை நீட்டினாள். விவாகரத்துக்காக அழுகிறேன் என்று நினைத்திருப்பாள்.

மிச்சப் புத்தகங்கள் எல்லாம் உங்களுக்கே இருக்கட்டும். நீங்கள் நல்ல வாசகர். இனி எனக்கு எழுத வேண்டாம். எழுதினால் பிரித்துப் படிப்பேன், படித்தால் பதில் எழுதுவேன், இரண்டு பேருமே இந்தக் காகிதத்தில் தங்கிவிடுவோம். அது நமக்கு ஆகாது. வேறு யாராவது உங்கள் வாழ்க்கையில் வந்தால் அவளிடம் முதல் நாளிலிருந்தே பேசுங்கள். தப்பாக வந்தாலும் பரவாயில்லை, பேசுங்கள்.

அன்றைக்கு நான் சொல்லாமல் வந்த பதிலை இப்போது சொல்கிறேன். அந்த இடத்தில் பேசிய மனுஷரை அன்றைக்குத்தான் முதன்முதலாகப் பார்த்தேன். அவரோடு நான் கடைசிவரை இருந்திருப்பேன்.

மதிவதனி