அண்ணாவின் கடையும் என் சுற்றறிக்கையும்

ஒக். 7, செவ்வாய்

காலையில் நல்ல வெயில். மூன்று மணிக்குப் பிறகு அடைமழை. கொழும்பு காலி வீதி நெரிசலில் வாகனம் நகரவில்லை. காருக்குள்ளேயே இரண்டு கோப்பு பார்த்தாயிற்று. மழைக்கு நன்றி. அமைச்சில் இருந்திருந்தால் ஒன்றுகூட முடிந்திராது.

முதல் கோப்பு, சிறு வியாபாரிகள் கியூஆரில் பணம் வாங்கும் திட்டம். சரி. இரண்டாவது, சுற்றறிக்கை. இனிமேல் எந்த அரச அலுவலகமும் மக்களிடம் அடையாள அட்டையின் போட்டோகொப்பி கேட்கக்கூடாது. கணினித் திரையிலேயே சரிபார்க்க வேண்டும். அமைச்சராகப் பதவி ஏற்ற நாளிலிருந்து இதற்காகத்தான் அலைந்தேன். டிஜிட்டல் பொருளாதாரம் என்று ஊரெல்லாம் முழங்குகிறேன், சனம் இன்னும் கொப்பிக் கட்டோடு வரிசையில் நிற்கிறது.

கையெழுத்துப் போடப் பேனா எடுத்தேன். மூடி வைத்துவிட்டேன்.

வெள்ளவத்தையில் அண்ணாவுக்குக் கொம்யூனிகேஷன் கடை. போட்டோகொப்பி, லமினேட்டிங், டைப்பிங், போன் ரீலோட். வருகிற ஆட்களில் பாதிப் பேர் அடையாள அட்டை கொப்பிக்காகத்தான் வருகிறார்கள்.

வாங்க வேண்டியவை: சேர்ட் பொத்தான், பனடோல்.

ஒக். 8, புதன்

செயலாளர் காலையிலேயே கேட்டார், கோப்பு எங்கே என்று. தலையிடி என்றேன். பொய் இல்லை.

அவர் நல்ல மனிதர். சிங்களமும் ஆங்கிலமும் கலந்து மெதுவாகச் சொன்னார்: "சேர், வேணுமெண்டா ஒரு வருஷம் சலுகைக் காலம் போடலாம். ஒருத்தரும் ஒண்டும் கேக்க மாட்டாங்க." அவருக்கு அண்ணாவின் கடை பற்றித் தெரியாது. எனக்குத் தெரியுமே! அண்ணாவுக்கு ஒரு வருடம். மனம் உடனே அங்கே போய்ச் சப்பாணி கட்டி உட்கார்ந்துவிட்டது. வெட்கம்.

அப்பா தவறிப்போனபோது அண்ணா ஏ.எல். படித்துக்கொண்டிருந்தார். படிப்பை விட்டார், கடை போட்டார். நான் பல்கலைக்கழகம் போனது அந்தப் போட்டோகொப்பி மெஷினின் தயவில். நான் முதன்முதலில் தொட்ட கொம்பியூட்டர் அந்தக் கடையில் இருந்தது. பழுதாக்கினேன். அண்ணா அடிக்கவில்லை. "திருத்தத் தெரியுமெண்டாத் திருத்து" என்றார்.

ஒக். 9, வியாழன்

கொட்டாஞ்சேனையில் வியாபாரிகள் கூட்டம். மண்டபத்தில் மின்விசிறி பாதி வேலை செய்யவில்லை. என் பேச்சு நீளம். எனக்கே அலுத்தது.

கேள்வி நேரத்தில் ஒரு பெண் எழுந்தார். வீட்டில் பற்றிஸ் பொரித்துச் சாப்பாட்டுக் கடைகளுக்குக் கொடுப்பவராம். "கியூஆர் எல்லாம் நல்லம் சேர். நான் பிஸ்னஸ் ரெஜிஸ்டர் பண்ணப் போனா, ஐடி கொப்பி கொண்டா, அது தெளிவில்ல, இன்னொண்டு கொண்டா எண்டு அலைய விடுறாங்க. நான் அங்க போற நாள்ல வீட்டுல அடுப்பு எரியாது சேர்." மண்டபம் முழுக்கக் கைதட்டு. என் பேச்சுக்கு அவ்வளவு இல்லை.

போகும்போது ஒரு பெட்டி பற்றிஸ் தந்தார். காரிலேயே மூன்று. டிரைவருக்கு இரண்டு. அற்புதம். அந்தப் பெண்ணுக்கு நன்றி, பற்றிஸுக்கு மட்டும் இல்லை.

ஒக். 10, வெள்ளி

கையெழுத்துப் போட்டேன். சலுகைக் காலம் இல்லை. செயலாளர் கை கொடுத்தார்.

அண்ணாவுக்கு இன்னும் சொல்லவில்லை. மூன்று தரம் போனை எடுத்தேன், வைத்தேன். நாடாளுமன்றத்தில் எதிர்க்கட்சி முழுவதும் சேர்ந்து கத்தினாலும் பயமில்லாத ஆள் நான்.

ஒக். 12, ஞாயிறு

அண்ணா வீட்டில் மத்தியானச் சாப்பாடு. நண்டுக் குழம்பு, முருங்கையிலை வறை. அண்ணி பேசாமல் பரிமாறினா. வழக்கமாக அவவின் வாய் ஓயாது.

"அண்ணா, ஒரு விஷயம்..." என்று தொடங்கினேன்.

"பேப்பரில பாத்திட்டம்" என்றா அண்ணி.

அண்ணா சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தார். "நல்ல விஷயம்தானே" என்றார். அவ்வளவுதான். எழும்பிக் கை கழுவினார். பாதிச் சோறு தட்டில் கிடந்தது.

"கடைக்கு என்ன செய்யப் போறீங்க?" என்று கேட்டேன்.

"அதை நான் பாத்துக்கொள்ளுறன். நீ உன்ர வேலையைப் பார்."

எப்போதும் வழியனுப்ப வாசல் கேற் வரைக்கும் வருவார். இன்று வரவில்லை. அண்ணி மட்டும் வந்தா. நண்டு ஒரு டப்பாவில். வாங்கும்போது கண் கலங்கிவிட்டது. அவ கண்டுவிட்டா.

ஒக். 15, புதன்

அண்ணா போன் எடுக்கவில்லை. நேற்றும் இல்லை.

வெளிநாட்டு முதலீட்டாளர் குழு. சிரித்தேன், படம் எடுத்தார்கள். என்ன பேசினேன் என்று ஞாபகமில்லை. நன்றாகப் பேசினேனாம்.

இருமல். கொத்தமல்லி அவித்துக் குடிக்க வேண்டும்.

ஒக். 17, வெள்ளி

பதினொரு மணிக் கூட்டத்தின் நடுவில் அண்ணாவின் அழைப்பு. ஓடி வெளியே வந்தேன்.

"டேய், உன்ர சட்டம் எந்த நாட்டிலயடா நடக்குது?"

ஹலோ இல்லை, ஒன்றும் இல்லை. அந்தக் குரலைக் கேட்டதே போதும் எனக்கு.

நடந்தது இது. ஒரு கர்ப்பிணிப் பெண் அடையாள அட்டை கொப்பி எடுக்கக் கடைக்கு வந்திருக்கிறாள். எந்த அலுவலகம் என்று இங்கே எழுதவில்லை. அங்கே இன்னும் கொப்பி கேட்கிறார்களாம். அண்ணா எடுத்துக் கொடுக்கவில்லை. தேவையில்லை, போய்ச் சொல்லு என்றிருக்கிறார். "அண்ணே, என்னால சண்டை பிடிக்க ஏலாது, எடுத்துத் தாங்கோ" என்று அவள் அழாத குறை. அண்ணா கடையைப் பூட்டிவிட்டு, ஓட்டோ பிடித்து அவளோடு அந்த அலுவலகத்துக்கே போயிருக்கிறார். கையில் என் சுற்றறிக்கை. கவுண்டரில் நின்று வரி வரியாக வாசித்திருக்கிறார், தமிழில் ஒரு தரம், சிங்களத்தில் ஒரு தரம். வேலை நடந்தது.

"எனக்கு வயசு போயிட்டுது, எல்லா ஒஃபிசுக்கும் நான் போக ஏலாது. நீ அவங்களுக்குச் சொல்லு" என்றார். வைத்துவிட்டார்.

செயலாளர் பின்னேரத்துக்குள் எல்லா அலுவலகத் தலைவர்களுடனும் கதைத்து முடித்தார். அவருக்கும் நன்றி. இன்று வயிறு நிறையச் சாப்பிட்டேன்.

ஒக். 21, செவ்வாய்

தீபாவளிக்கு மறுநாள். தூறல். மாலை சொல்லாமல் கொள்ளாமல் கடைக்குப் போனேன். பாதுகாப்பு ஆட்களைச் சந்தியிலேயே நிற்கச் சொன்னேன்.

கடையில் கூட்டமில்லை. ஒன்லைன் விண்ணப்பம் நிரப்பச் சிலர் வருகிறார்களாம். போதுமா என்றேன். "போதாது. பாப்பம்" என்றார். பாலில்லாத தேநீர், பிளேன்ரீ வாங்கித் தந்தார்.

கேட்டுவிட்டேன்: "அண்ணா, அந்தக் கர்ப்பிணிப் பிள்ளைக்குக் கொப்பி எடுத்துக் குடுத்திருக்கலாமே. உங்களுக்கு வியாபாரம்தானே?"

"நானே எடுத்துக் குடுத்தா, பிறகு உன்ர சொல்லை ஆரடா கேப்பினம்?"

ரீ சுட்டது என்று நடித்தேன்.

அப்போது ஓர் ஆள் குடையை மடக்கிக்கொண்டு உள்ளே வந்தார். சிங்களவர். "அய்யே, ஐடி கொப்பி எகக்" என்று ஒரு கொப்பி கேட்டு அட்டையை நீட்டினார். "ஓன நே" என்றார் அண்ணா, தேவையில்லை என்று. அந்த ஆள் நம்பவில்லை. யார் சொன்னது என்று சிங்களத்தில் கேட்டார், கொஞ்சம் கோபமாகவே.

அண்ணா என் தோளில் கை வைத்தார். "மே மகே மல்லி" என்றார். இது என் தம்பி.

அமைச்சர் என்று சொல்லவில்லை. நான் கோப்பையை வைத்துவிட்டு எழுந்து நின்றேன்.