நாம் ரிஜெக்ட் செய்த மாணிக்கங்கள்

நேற்று ஷிஃப்ட் முடிந்து வீட்டுக்கு வந்து முந்தானையை உதறியபோது ஒரு சிவப்பு ஸ்டிக்கர் அதில் ஒட்டிக்கொண்டிருந்தது. சுண்டுவிரல் நகம் அளவு வட்டம். காக்களூர் கம்பெனியிலிருந்து திருவள்ளூர் ஸ்டேஷன், அங்கிருந்து ரயிலில் செவ்வாப்பேட்டை, அப்புறம் வீடு வரைக்கும் கூடவே வந்திருக்கிறது. என் மகன் பார்த்துவிட்டு, “இன்னாம்மா, உன்னையே ரிஜெக்ட் பண்ணி அனுப்ச்சிட்டாங்களா?” என்றான். சிரிக்க ஆரம்பித்தவளால் நிறுத்தவே முடியவில்லை. ஏன் இவ்வளவு சிரிக்கிறேன் என்று அவனுக்குப் புரியவில்லை. உனக்கென்றால் உடனே புரிந்திருக்கும், நீயும் என்னோடு சேர்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாய்.

பேரிங் வளையம் பார்க்கிற வேலையில் நாம் இரண்டு பேரும் இருபது வருஷம் பக்கத்துப் பக்கத்து மேசை. கீறல், துரு, புள்ளி, எது இருந்தாலும் சிவப்பு ஸ்டிக்கர். சுத்தமாக இருந்தால் பச்சை. வீட்டில்கூட அந்தப் புத்தி போகவில்லை. நீ காய்கறிக்காரனிடம் கத்தரிக்காயைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பதைக் கண்டு அவன், “யக்கா, இது சாம்பாருக்குத்தானே, ராக்கெட்டுக்கா?” என்று கேட்டது நினைவிருக்கிறதா?

திருவள்ளூர் ஸ்டேஷன் சுவரில் அந்த நோட்டீசை முதலில் பார்த்தது நீதான். நான்கு வாரம், சனி ஞாயிறு, நவரத்தினமும் நகையும், கையில் எடுத்துப் பார்த்தே பழகலாம் என்று போட்டிருந்தது. நான் சிரித்தேன். நம் இரண்டு பேர் கழுத்திலும் சேர்த்து ஒரு தாலிச் சரடுதான், நமக்கு எதற்கு நவரத்தினம் என்றேன். நீ சிரிக்கவில்லை.

“நீயும் வாயேன். தனியா போனா பேஜாரா இருக்கும்.”

“ஞாயித்துக்கெழம துணி யாரு தொவைப்பா?”

“துணி எங்கயும் ஓடிடாது. வா.”

வந்தேன். உன்னிடம் இல்லை என்று சொல்லி ஜெயித்தவர் யார்?

துணிக்கடைக்கு மேலே ஒரு நீள அறை. நான்கு மேசை, மேசைக்கொரு விளக்கு. வகுப்பு எடுத்தவர் பழவேற்காட்டுக்காரர், கல் வியாபாரம் செய்கிற குடும்பத்துப் பையன். வயது முப்பதுகூட இருக்காது. நான் மரியாதையாக ‘சார்’ என்றேன். நீ எடுத்தவுடனே ‘தம்பி’ என்றாய், அவரும் ‘சொல்லுக்கா’ என்றுவிட்டார். நம்மைத் தவிர ஒரு நகைப் பத்தரின் மனைவியும் நான்கு கல்லூரிப் பெண்களும். மற்றவர்கள் நோட்டுப் புத்தகம் கொண்டுவந்திருந்தார்கள். நாம் சாப்பாட்டுப் பை கொண்டுபோயிருந்தோம்.

முதல் நாள் அவர் எதையும் சொல்லித்தரவில்லை. மேசைக்கு ஒரு தட்டு, தட்டில் இருபது சிவப்புக் கல், பத்து மடங்கு பெரிதாகக் காட்டும் லென்ஸ் ஒன்று. “பூமியில கெடச்ச நல்ல மாணிக்கத்த ஒரு பக்கம் வைங்க, மத்தத இன்னொரு பக்கம் வைங்க. தப்பானாலும் பரவால்ல” என்றார். கல்லூரிப் பெண்கள் ஒரு கல்லை எடுத்து நான்கு பேரும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பத்தரின் மனைவி கண்ணை மூடிக்கொண்டு கல்லைக் கன்னத்தில் வைத்துக் குளிர்கிறதா என்று பார்த்தார். நாம் என்ன செய்தோம்? உன் கைப்பையில் கம்பெனி ஸ்டிக்கர் சுருள் இரண்டும் கிடந்தன. எடுத்தாய். நீ லென்ஸில் பார்த்து, “புள்ளி கீது” என்பாய், நான் அதன் பக்கத்தில் சிவப்பு ஒட்டுவேன். “நூல் மாரி ஓடுது, ரிஜெக்ட்.” சிவப்பு. “சுத்தம், பாஸ்.” பச்சை. பத்தே நிமிஷம். முடித்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு மற்றவர்களைப் பார்த்த பார்வை இருக்கிறதே, நமக்கே கொழுப்பு அதிகம்தான்.

அவர் வந்து தட்டைப் பார்த்தார். ஒரு கல்லை எடுத்தார், வைத்தார். இன்னொன்று. பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டு சிரித்தார், கண்ணில் தண்ணீர் வரும் வரைக்கும் சிரித்தார்.

“யக்கா, நெஜ மாணிக்கம் பூரா ரிஜெக்ட்ல போட்டுட்டீங்க. கண்ணாடியயும் மெஷின்ல செஞ்சதையும் பொறுக்கி எடுத்து பாஸ் பண்ணியிருக்கீங்க. ஒண்ணுகூட மாறல. வேணும்னு செஞ்சாக்கூட இவ்ளோ சரியா தப்பு பண்ண முடியாது.”

மண்ணுக்குள் விளைகிற கல் அக்கம்பக்கத்தில் இருப்பதை எல்லாம் உள்ளே இழுத்துக்கொண்டுதான் வளருமாம். நூல், புள்ளி, விரல்ரேகை மாதிரிக் கோடுகள். கண்ணுக்கு ஒன்றுமே தெரியாமல் பளிங்காக இருந்தால் முதலில் சந்தேகப்படத்தான் வேண்டும் என்றார். அறையே சிரித்தது. நானும் சிரித்தேன். நீ சிரிக்க ஆரம்பித்து, பாதியில் நின்றுவிட்டாய். உன் கை தானாக மூக்குத்திக்குப் போனது.

திரும்பி வரும்போது ரயிலிலும் நீ மூக்குத்தியைத் தடவிக்கொண்டே வந்தாய். என்ன என்று கேட்டேன். அப்போதுதான் சொன்னாய், எதற்காக இந்த வகுப்புக்கு வந்தாய் என்று.

அந்த ஒற்றைச் சிவப்புக்கல் மூக்குத்தி உன் அம்மாவுடையது. பொன்னேரிப் பக்கம் வயல் வயலாக நடவு நட்டு, பல வருஷம் சேர்த்து வாங்கியது. ‘மாணிக்கம்டி, கண்ணாடி இல்ல’ என்று உன்னிடம் சாகும் வரைக்கும் சொன்னாராம். அவர் போன பிறகு சாமான்களைப் பிரித்தபோது உன் அண்ணன் மனைவி, அத்தனை சொந்தக்காரர்கள் முன்னால், “அந்தக் கண்ணாடி மூக்குத்திய அவளே வெச்சிக்கட்டும். கூலி வேலைக்குப் போன கெழவிக்கு மாணிக்கம் எங்கேர்ந்து வரும்?” என்று சொல்லிவிட்டார்.

“கல்லு எதுவா இருந்தா இன்னா,” என்றாய். “ஆனா எங்க அம்மா பொய் சொல்லாது. அத்த நான் என் கண்ணால பாத்து தெரிஞ்சிக்கணும். கடைக்காரன் சொல்லி இல்ல.”

அப்புறம், “அதுல ஒரு புள்ளிகூட கெடையாது. அவ்ளோ சுத்தம். இத்தினி வருசமா அதத்தான் பெருமையா நெனச்சிக்கினு இருந்தேன்” என்றாய். அந்தத் தம்பி மேல் காரணமே இல்லாமல் கோபம் வந்தது.

அடுத்த வாரம் அதைக் கழற்றிக் காட்டுவாய் என்று நினைத்தேன். காட்டவில்லை. சாமணம் பிடிக்கச் சொல்லித்தந்த நாள் அது. நகைக்காரர்கள் கல்லைப் பிடிக்கிற சின்ன இடுக்கிதான் சாமணம். நாமோ இரும்பு வளையத்தைப் பிடித்துப் பழகிய கைகள். நீ அழுத்திய அழுத்தில் கல் பொத்துக்கொண்டு பறந்தது. எட்டுப் பேரும் மேசைக்கு அடியில் மண்டி போட்டுத் தேடினோம். பத்தரின் மனைவி நகைப் பட்டறை வழக்கப்படி ஈரத்துணியால் தரையையே துடைத்துப் பார்த்தார். கிடைக்கவில்லை. மதியம் என் எலுமிச்சைச் சோற்றில் மூன்றாவது வாயில் ‘கடக்’ என்றது. சோற்றில் கல் கிடந்ததற்காக வீட்டில் எத்தனை சண்டை பார்த்திருக்கிறேன்! அன்றைக்கு எல்லாரும் கை தட்டினார்கள். “நீ கடிச்சும் கல்லு ஒடையல, நல்ல கல்லுதான்” என்றாய்.

மூன்றாவது வாரம்தான் ஒரு பேப்பர் மடிப்பைப் பிரித்து மூக்குத்தியை மேசையில் வைத்தாய். கம்பியை விலக்கிக் கல்லைத் தனியாக எடுக்க வேண்டியிருந்தது. நான் எடுத்துத்தரட்டுமா என்று அந்தத் தம்பி கேட்டார். நீ விடவில்லை. ஒரு கல் பறந்துபோன அறை அது. நான் முந்தானையை விரித்து மேசை ஓரத்தில் பிடித்துக்கொண்டு நின்றேன்.

முதலில் ஒரு சின்னக் குழாய் வழியாகப் பார்க்கச் சொன்னார். கண்ணாடி என்றால் அதில் ஒரே நிறம்தான் தெரியும். மாணிக்கம் என்றால் பக்கத்தில் பக்கத்தில் இரண்டு வேறு சிவப்பு தெரியும். நீ பார்த்தாய். ரொம்ப நேரம் பார்த்தாய்.

“ரெண்டு தெரிது, தம்பி. ஒண்ணு கொஞ்சம் ஊதா, ஒண்ணு கொஞ்சம் ஆரஞ்சு.”

“கண்ணாடி இல்லக்கா.”

நான் உன் தோளைப் பிடித்துக் குலுக்கினேன். அவர், “இருங்க, இன்னும் ஒண்ணு பாக்கணும்” என்று மைக்ராஸ்கோப்புக்கு அடியில் வைத்தார். உள்ளே கோடுகள் இருந்தன. மண்ணில் விளைந்ததில் அவை நேராக இருக்குமாம். இதில் கிராமபோன் தட்டில் இருப்பது மாதிரி வளைந்து ஓடின. அவர் குரல் தாழ்ந்துவிட்டது, பாவம், சொல்லவே தயங்கினார். “மாணிக்கம்தான்க்கா. சரக்கு அதேதான். ஆனா பூமியில கெடச்சது இல்ல. ஃபேக்டரில, உலையில உருக்கி செஞ்சது. அந்தக் காலத்துலயே நெறைய நகையில இதான் வெச்சாங்க.”

நீ அழப்போகிறாய் என்று நினைத்தேன். நீ கேட்டது ஒன்றே ஒன்று.

“அப்போ எங்க அம்மா மாணிக்கம்னு சொன்னது?”

“நெஜம்தான்.”

“கண்ணாடி இல்லன்னு சொன்னது?”

“அதுவும் நெஜம்தான்.”

“அவ்ளோதானே,” என்று நிமிர்ந்தாய். முகம் அப்படியே விளக்குப் போட்டது மாதிரி ஆனது. என் பக்கம் திரும்பி, “ஃபேக்டரியில பொறந்துதாம்டி. நம்ம ஆளு” என்றாய். எனக்கு வந்த சந்தோஷத்தை எப்படிச் சொல்ல! உன்னைக் கட்டிக்கொண்டேன். கடைசி வாரம் நீயே கம்பியை மடக்கி, கல்லை உட்கார வைத்து, மூக்கில் போட்டுக்கொண்டாய். கொஞ்சம் கோணலாகத்தான் உட்கார்ந்தது.

அடுத்த மாதம் உன் அண்ணன் பேரனுக்குப் பொன்னேரியில் காதுகுத்து. என்னையும் இழுத்துக்கொண்டு போனாய். மண்டபத்தில் உட்கார்ந்ததுமே அண்ணி வந்துவிட்டார். “இன்னும் அந்தக் கண்ணாடிய போட்டுக்கினு கீறியா?”

நான் பல்லைக் கடித்தேன். மாணிக்கம் என்று மட்டும் சொல்லி முடித்துக்கொள் என்று கண்ணைக் காட்டினேன். நீயோ முழுசாகச் சொன்னாய். “கண்ணாடி இல்ல, அண்ணி. மாணிக்கம். மண்ணுல கெடச்சது இல்ல, ஃபேக்டரியில செஞ்சது. படிச்சிட்டு வந்து நானே பாத்துட்டேன். எங்க அம்மா பொய் சொல்லல.” வகுப்பு முடிந்தபோது நாம் ஆளுக்கொன்று வாங்கிய லென்ஸைக் கைப்பையிலிருந்து எடுத்து வேறு காட்டினாய். அவ்வளவுதான், பந்திக்குப் போகிற வரிசை உன் முன்னால் நின்றுவிட்டது. கம்மல், மோதிரம், அட்டிகை. நீ ஒவ்வொன்றுக்கும் பத்து நொடி. “இது கண்ணாடி சித்தி, ஆனா கட்டுன வேலை அழகு.” “இது நெஜம், சோப்பு போட்டு கழுவாத.” யாரும் கோபித்துக்கொள்ளவில்லை. பாயசம் ஆறிப்போனது.

கடைசியாக அண்ணி காதிலிருந்து தோட்டைக் கழற்றி நீட்டினார். “எங்க அம்மா எனக்குப் போட்டது. வைரம். பாத்து சொல்லு.” நீ பத்து நொடி பார்க்கவில்லை, ரொம்ப நேரம் பார்த்தாய். எனக்குள் ஒரு அல்ப ஆசை, மறைக்க மாட்டேன், அது கண்ணாடியாக இருக்கட்டும் என்று எல்லா சாமியையும் வேண்டிக்கொண்டேன். நானாக இருந்தால் மைக்கை வாங்கிச் சொல்லியிருப்பேன். நீ தோட்டைத் துடைத்து அவர் கையில் வைத்தாய். “வைரம்தான் அண்ணி. பத்திரமா வெச்சிக்கோ.”

எனக்குச் சப்பென்று போய்விட்டது. பஸ்ஸில் ரெட்ஹில்ஸ் வருவதற்குள் மூன்று தரம் கேட்டேன், நெசமாவா என்று. “நான்தான் பாத்தேன்ல. கம்முனு வா” என்றாய்.

போன மழைக்காலத்தில் நாலே நாள் காய்ச்சல், நீ போய்விட்டாய். அதைப் பற்றி எழுத எனக்கு இஷ்டமில்லை. பதினாறாம் நாள் காரியத்துக்கு அண்ணி வந்திருந்தார். எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அழுதார், உண்மையாகவே அழுதார். பிறகு தோட்டைக் கழற்றினார். “திருகு லூசா கீது. நீயும் அவகூட போனவதானே, கொஞ்சம் பாரு.”

திருகை இறுக்கிவிட்டு, பழக்க தோஷம், லென்ஸை வைத்துப் பார்த்தேன். முனைகள் மழுங்கியிருந்தன. வைரத்தின் முனை அப்படித் தேயாது. உள்ளே உருண்டையாகக் காற்றுக் குமிழ்கள், ஒன்று இரண்டு இல்லை, கொத்தாக. கண்ணாடியில்தான் அப்படி வரும், அந்த வகுப்பில் உட்கார்ந்த யாருக்கும் தெரியும். உனக்குத் தெரியாமல் போயிருக்குமா?

எனக்குக்கூடச் சொல்லாமல் போய்விட்டாயே என்று ஒரு நொடி கோபம் வந்தது. அப்புறம் நீ தோட்டைத் துடைத்துக் கொடுத்தது கண்ணில் நின்றது.

“இன்னா அப்டி பாக்குற?” என்றார் அண்ணி. “வைரம்தானே? எங்க அம்மா பொய் சொல்லாது.”

நம் கம்பெனியில் ஒருவர் பார்த்ததை இன்னொருவர் பார்த்துக் கையெழுத்துப் போட்டால்தான் பெட்டி வெளியே போகும். உன் கையெழுத்துக்குக் கீழே இருபது வருஷம் போட்டிருக்கிறேன், ஒரு நாள்கூடக் கண்ணை மூடிக்கொண்டு போட்டதில்லை. அன்றைக்கும் கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டுதான் போட்டேன்.

“வைரம்தான், அண்ணி” என்றேன்.