டோரீன் காலுக்கு ஏற்ற பிரேக்

மான்ட்ரோஸ்,
21 ஜூலை 1986

வெர்லின்,

நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன். உன் முட்டிவலி பற்றி நடீனிடம் போனில் விசாரித்தேன். "அதுக்கென்ன கேடு, நாள் பூரா காருக்கு அடியிலதான் கிடக்கான்" என்றாள். உன் தங்கை வாயில் எதுவும் தங்காது. அடுத்து அவள் சொன்னதுதான் என்னைத் திடுக்கிட வைத்தது. நம் காரிலிருந்து பவர் பிரேக்கையே கழற்றிவிட்டாயாமே.

பிரிந்தபோது வீடு உனக்கு, சாமான்கள் எனக்கு என்று சண்டை இல்லாமல் முடித்துக்கொண்டோம். அந்தச் சிவப்புக் காரை மட்டும் இரண்டு பேராலும் விட முடியவில்லை. கோடையில் பாதி உனக்கு, பாதி எனக்கு என்று வைத்துக்கொண்டோம். ஆகஸ்டில் என் முறை. நடீன் வீட்டிலிருந்து எடுத்துக்கொண்டு மொனார்க் கணவாயைத் தாண்டித்தான் நான் இங்கே வந்து சேர வேண்டும். நான் எவ்வளவு குள்ளம் என்று உனக்குத் தெரியாதா? மிதிக்குப் பலம் கூட்டும் பூஸ்டர் இல்லாத பிரேக்கை அந்த இறக்கத்தில் நான் எப்படி மிதிப்பேன்?

"உன்னை ஓட்ட விடாம பண்ண இது ஒரு வழிடி" என்கிறாள் ஆபீஸில் ரமோனா. வெர்லின் அப்படிப்பட்டவன் இல்லை என்று அவளிடம் சொல்லிவிட்டேன். ஆனாலும் உன்னைக் கேட்கிறேன். அப்படித்தானா?

டோரீன்

சலைடா,
26 ஜூலை 1986

அன்புள்ள டோரீன்,

அப்படி இல்லை. முதலில் இதைச் சொல்லிவிட்டால்தான் மற்றதை எழுத எனக்கு மனம் வரும்.

நாம் வாங்கும்போதே அந்த இன்ஜினை யாரோ பந்தயத்துக்காக மாற்றியிருந்தார்கள். நின்ற இடத்தில் உறுமுமே, அந்தச் சத்தம் கேட்டுத்தானே நீ வாங்கலாம் என்றாய். அப்படிப்பட்ட இன்ஜின் மெதுவாக ஓடும்போது பூஸ்டர் இயங்க வேண்டிய காற்று உறிஞ்சலைத் தராது. பூஸ்டரும் கிழடாகிக் கசிந்துகொண்டிருந்தது. ஜூனில் ஒரு நாள் தபால் ஆபீஸ் முன்னால் பிரேக் போட்டேன். முதல் மிதி பஞ்சு மாதிரி போயிற்று. அடுத்த மிதி பாறாங்கல். முன்னால் நின்ற பால் வண்டிக்கு ஒரு சாண் தள்ளிக் கார் நின்றது. நீ ஓட்டும்போது இது நடந்திருந்தால் என்று நினைத்து, இறங்கி நடைபாதையில் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டேன். இந்த இன்ஜினுக்குப் புது பூஸ்டர் வாங்கிப் போட்டாலும் இதே கதைதான்.

அதனால் அதை எடுத்துவிட்டு, பிரேக் ஆயிலைத் தள்ளும் மாஸ்டர் சிலிண்டரில் குறுகலான ஒன்றைப் போட்டேன். பெடலில் மேலே இன்னொரு துளை உண்டு. பெடலையும் சிலிண்டரையும் இணைக்கும் தள்ளுகம்பியை அதற்கு மாற்றினால் அதே மிதிக்குக் கூடுதல் அழுத்தம் கிடைக்கும். பெடல் மட்டும் முன்னைவிட ஆழமாகப் போகும். என் காலை வைத்து எதையும் முடிவு செய்யவில்லை. நடீனும் நீயும் ஒரே உயரம் அல்லவா? சீட்டை முன்னால் தள்ளி அவளைத்தான் உட்கார வைத்தேன்.

"இன்னும் ஒரு தடவை மிதி."

"போதும்ணே, அடுப்புல கேக் கருகுது."

"கருகட்டும். இப்ப எப்படி இருக்கு?"

"கனமாத்தான் இருக்கு. ஆனா முந்தின மிதி மாதிரியேதான் இருக்கு."

எத்தனை தடவை மிதித்தாலும் மாறாத கனம், இந்தப் பதிலுக்காகத்தான் மூன்று வாரம் காருக்கு அடியில் கிடந்தேன். தைரியமாக எடுத்துக்கொண்டு போ. அப்படியும் பயமாக இருந்தால் நடீனையும் கூட்டிக்கொள்.

வெர்லின்

மான்ட்ரோஸ்,
5 ஆகஸ்ட் 1986

அன்புள்ள வெர்லின்,

வந்து சேர்ந்தோம். நடீன் என் சோபாவில் கால் நீட்டிக்கொண்டு இருக்கிறாள். நடந்ததை அவள் மூன்று விதமாகச் சொல்லுவாள். நான் சொல்வதை நம்பு.

மலை ஏறும்போதே வெயிலில் இன்ஜின் கொதித்து இருமியது. உச்சி தாண்டி இறக்கம் பிடித்ததும், கியர் குறைக்கலாம் என்று கிளட்சை மிதித்தேன். இன்ஜின் அணைந்துவிட்டது. பதற்றத்தில் கியர் விழவில்லை. கார் தன் பாட்டுக்கு ஓட ஆரம்பித்தது. முன்னால் மாடு ஏற்றிய லாரி ஒன்று ஊர்ந்து போய்க்கொண்டிருந்தது.

"டோரீன், லாரி" என்றாள் நடீன்.

"தெரியுது."

"மிதி."

"மிதிச்சுக்கிட்டுதான் இருக்கேன், வாயை மூடு."

சீட்டில் முதுகைக் கொடுத்து, எழுந்து நிற்பதுபோல் மிதித்தேன். கனம்தான். ஆனால் மிதித்த அளவுக்கு வேகம் குறைந்தது. வளைவில் காலை லேசாக்கி மறுபடி மிதித்தேன், அப்போதும் அதே கனம். சாலையோரச் சரளையில் ஒதுக்கி நிறுத்திவிட்டேன். லாரி அது பாட்டுக்குப் போய்விட்டது. பிறகு நடீன், "எங்கண்ணன் என் கேக்கை வீணாக் கருக விடலை" என்றாள். அழுதுகொண்டே சிரித்தோம்.

இன்ஜின் ஆறியதும் கிளம்பி, அடிவாரத்தில் சார்ஜென்ட்ஸ் ஊரில் காபி குடித்தோம். அங்கே வயதான மெக்கானிக் ஒருவரிடம் சொன்னேன். "பழைய பூஸ்டரா இருந்தா, இன்ஜின் நின்னப்புறம் ஒரு மிதி, ரெண்டு மிதிதாம்மா. அதுக்கப்புறம் கடவுள் விட்ட வழி" என்றார்.

வெர்லின், இரண்டு வருடமாக ஒரு பயம் என்னைக் குடைந்துகொண்டிருந்தது. நான் விட்டுப் போனதற்கு நீ என்னை வெறுக்கிறாய் என்று நினைத்தேன். அதனால்தான் விவாகரத்துக் காகிதங்கள் மேஜை இழுப்பறையிலேயே கிடந்தன. வெறுப்போடு முடிக்க எனக்கு மனமில்லை. நேற்று அந்தச் சரளையில் உட்கார்ந்திருந்தபோது அந்தப் பயம் போய்விட்டது. நான் திரும்பி வரப் போவதில்லை. இதை இவ்வளவு நிம்மதியாக உனக்கு எழுத முடியும் என்று நினைத்ததே இல்லை.

உனக்கும் சம்மதம் என்றால் கையெழுத்துப் போட்டுவிடலாம்.

உன் நலம் விரும்பும்,
டோரீன்

சலைடா,
11 ஆகஸ்ட் 1986

அன்புள்ள டோரீன்,

முதல் பக்கத்தைப் படித்துவிட்டு எழுந்துபோய்த் தண்ணீர் குடித்தேன். இரண்டாம் பக்கத்தைத் தாழ்வாரத்தில் நின்றபடி படித்தேன்.

வருத்தம் இல்லை என்று சொன்னால் நம்ப மாட்டாய். இருக்கிறது. ஆனால் ஒவ்வொரு ஆகஸ்டிலும் நீ காரை எடுக்க வரும்போது, இந்தத் தடவை இருந்துவிடுவாளோ என்று நடீன் வீட்டு ஜன்னலைப் பார்த்துக்கொண்டு என் பிக்கப் வண்டியில் உட்கார்ந்திருப்பேன். இனி அந்தக் காத்திருப்பு இல்லை. படித்து முடித்ததும் தோளிலிருந்து ஏதோ இறங்கியதுபோல் இருந்தது. முட்டை பொரித்துச் சாப்பிட்டேன். ருசியாக இருந்தது.

சம்மதம். காரை நீயே வைத்துக்கொள். உன் காலுக்குச் செய்த பிரேக்கோடு இனி என்னால் ஓட்ட முடியாது, என் நெட்டைக் காலுக்கு முட்டி ஸ்டியரிங்கில் இடிக்கிறது. குளிர்காலத்துக்கு முன்னால் பிரேக் ஆயிலை மட்டும் மாற்றிவிடு.

கோர்ட்டுக்கு உங்கள் ஊருக்கே வருகிறேன். பதினெட்டாம் தேதி காலை பஸ்ஸில் வந்து இறங்குவேன். காரை எடுத்துக்கொண்டு வா. நீ ஓட்ட, அதில் பக்கத்து சீட்டில் நான் உட்கார்ந்ததே இல்லை.

வெர்லின்