ஜானட் கால் அளவு

அன்புள்ள ஜானட் அப்பாவுக்கு,

ராயபுரத்தில் எல்லோரும் சுகம்தானே? பாப்பாவுக்கு இருமல் விட்டதா? எனக்கு ஒரு குறையும் இல்லை.

இன்று லீவு. வெராக்ரூஸ் கடைத்தெருவில் பாப்பாவுக்குச் செருப்பு வாங்கிவிட்டு, ஒரு மெக்சிகோ சாப்பாட்டுக் கடைக்குப் போனேன். கடைக்காரம்மா ஏதோ கேட்டார். என்ன மொழி என்கிறாராக்கும் என்று "தமிழ்" என்றேன். வாழையிலையில் கட்டி அவித்த சோளமாவுக் கொழுக்கட்டை வந்தது. அதன் பெயர் தமால்! நீங்கள் இருந்திருந்தால், "இன்னாமே, கொழுக்கட்டை துன்னவா இம்மாந்தூரம் போன?" என்று கேட்டிருப்பீர்கள்.

அந்தம்மா மகளுக்கும் மூன்று வயதுதான். செருப்பைப் போட்டுப் பார்த்தாள். குதிகால் வெளியே நின்றது. நான் விட்டுவந்த நாளில் இருந்த காலுக்கு வாங்கியிருக்கிறேன்.

பாப்பாவைக் காகிதத்தில் நிற்கவைத்து, பாதத்தைச் சுற்றிப் பென்சிலால் வரைந்து தபாலில் அனுப்புங்கள். போட்டோ வேண்டாம். அந்தக் காகிதமே வேண்டும்.

விடிந்தால் வேலை, முடிக்கிறேன்.

ஜூடி