ஒரு மாதம் குறைகிறது

பெருங்குளம்
4.8.2025

அந்த நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைக்கு,

உன் பெயர் எனக்குத் தெரியாது. நாசரேத்துப் பிள்ளை, கெட்டிக்காரி என்று மட்டும் உங்கள் ஆபீஸ் லிங்கராஜ் தம்பி சொன்னான். ஜன்னல் ஓரத்து நாற்காலிதானே உனக்கும்? அதில் ஒரு கால் ஆடும். என் மகள் அட்டையை மடித்து அடியில் வைத்திருப்பதாகச் சொல்லியிருக்கிறாள். உனக்கு முன்னால் அங்கே இருந்த பேச்சிச்செல்வியின் அம்மா நான். பெயர் சங்கரம்மாள்.

அவள் அமெரிக்கக் கணக்குப் பரீட்சை நான்கு தாளையும் ஒரே வருஷத்தில் பாஸ் பண்ணினாள். சர்க்கரைப் பொங்கல் வைத்துத் தெரு முழுக்கக் கொடுத்தேன். அப்புறம்தான் சொல்லுகிறாள், “பாஸ் பண்ணினா மட்டும் லைசென்ஸ் தரமாட்டாங்கம்மா. லைசென்ஸ் உள்ளவங்ககிட்ட ஒரு வருஷம் வேலை பாக்கணும். அவங்க கையெழுத்துப் போடணும்” என்று. முதலிலேயே சொல்லியிருந்தால் பொங்கலைப் பிறகு வைத்திருப்பேன். அமெரிக்காவில் இருந்து லைசென்ஸோடு திரும்பி வந்த கிளைட்டன் சாரைத் தேடிப் பிடித்துச் சேர்ந்தாள்.

பதினொரு மாதம் பார்த்தாள். மாசி மாதத்தில் ஒரு நாள், உப்பளத்தில் இருப்பு சரிபார்க்கப் போகிற வழியில், துறைமுகச் சாலையில் கண்டெய்னர் லாரி அடித்துப் போய்விட்டாள். தேதியை நான் எழுதமாட்டேன். இதுவரை எழுதியதில்லை.

எங்கள் வீட்டில் கல்யாணமாகாமல் போன பிள்ளையைக் கன்னியாக வைத்துக் கும்பிடுவோம். ஓலைப்பெட்டியில் புதுத்துணி, வளையல், கண்மை, அவள் எதற்கு ஆசைப்பட்டாளோ அதுவும் வைக்க வேண்டும். ஆசை தீராத கன்னி அடங்காது. வருகிற தீபாவளிக்குத்தான் முதல்முறையாக வைக்கப் போகிறேன். பேச்சி சேலைக்கும் வளையலுக்கும் ஆசைப்பட்டவள் இல்லை. அந்தக் கையெழுத்துக்குத்தான் ஆசைப்பட்டாள்.

சாரைப் போய்ப் பார்த்தேன். நல்ல மனுஷன், காப்பி வாங்கிக் கொடுத்தார், கண் கலங்கினார். கையெழுத்து மட்டும் தரவில்லை. ஒரு மாதம் குறைகிறதாம். நீ ஒரு வார்த்தை சொல்லிப் பார்க்கிறாயா, அம்மா? அவளுடைய டிபன் டப்பாவும் அங்கேதான் கிடக்கிறது.

போன் பண்ணாதே. போனில் நான் அழுதுவிடுவேன். எழுதும்போது அழுதால் உனக்குத் தெரியாது பார்.

இப்படிக்கு,
சங்கரம்மாள்


தூத்துக்குடி
12.8.2025

கர்த்தருக்குள் பிரியமான அம்மாவுக்கு ஜெமி எழுதிக்கொள்வது.

உங்கள் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். அட்டை அப்படியே இருக்கிறது அம்மா. பிஸ்கட் பெட்டி அட்டை, நாலாக மடித்தது. முதல் நாளே கவனித்தேன், எடுக்கவில்லை.

டிபன் டப்பாவை லிங்கராஜ் அண்ணன் கழுவி பீரோவில் வைத்திருந்தார். இதோடு பார்சலில் அனுப்புகிறேன்.

என் கதையும் உங்கள் மகள் கதைதான். நான் நாலாவது தாள் பாஸானதும் எங்கள் அப்பா கோயிலில் ஸ்தோத்திரக் காணிக்கை போட்டு எழுந்து நின்று சாட்சி சொல்லிவிட்டார். இப்போது ஊருக்குப் போனால் ஆளாளுக்கு “லைசென்ஸ் வந்துட்டா?” என்று கேட்கிறார்கள். அதனால் ஊருக்கே போவதில்லை. மே மாதம் இங்கே சேர்ந்தேன். எனக்கும் சார் ஒருத்தர்தான் வழி.

அவரிடம் கேட்டேன். “நான் பாக்காத வேலையப் பாத்தேன்னு எப்படிம்மா எழுதுவேன்? அது அந்தப் பிள்ளைக்கே பிடிக்காது” என்று சொன்னார். அவர் குரலில் கோபம் இல்லை, அதனால் நான் என் இடத்துக்கே வந்துவிட்டேன். என்னை மன்னித்துக்கொள்ளுங்கள்.

உங்களை ஜெபத்தில் நினைக்கும்,
ஜெமி


பெருங்குளம்
20.8.2025

ஜெமி பிள்ளைக்கு,

டப்பா வந்தது. கழுவித்தான் அனுப்பியிருக்கிறாய், நான் இன்னொரு தடவை கழுவினேன். எனக்குக் கை சும்மா இருக்காது. கார் நெல் அறுப்புக்கு ஆள் வந்திருக்கிறது, அதனால் பதில் தாமதம்.

ஒன்று கேட்கவா? அங்கே என்னதான் வேலை பார்ப்பீர்கள்? “இன்னைக்கு என்னளா செஞ்ச?” என்று கேட்டால், “வாசிச்சோம்மா” என்பாள். பள்ளிக்கூடமா நடக்கிறது அங்கே? வீட்டில் எதைக் கேட்டாலும் ஒரே பதில்தான். சாப்பிட்டியா? ஆச்சு. குளிச்சியா? ஆச்சு. பாதி நேரம் பொய்யாகத்தான் இருக்கும், தலை காய்ந்தே கிடக்கும். எனக்கு அந்த வார்த்தையைக் கேட்டாலே எரிச்சலாக வரும். இப்போது யாராவது சொல்லமாட்டார்களா என்று இருக்கிறது.

இப்படிக்கு,
சங்கரம்மாள்


தூத்துக்குடி
2.9.2025

அன்புள்ள அம்மா,

இந்தக் கடிதத்தை எழுதுவதா வேண்டாமா என்று ஒரு வாரம் யோசித்தேன். நீங்கள் அந்த வார்த்தையை எழுதாமல் இருந்திருந்தால் எழுதியே இருக்கமாட்டேன்.

எங்கள் வேலை இதுதான் அம்மா. கப்பல் ஏஜென்சிகளின் பில்லை ஒருவர் சத்தமாக வாசிக்க வேண்டும். எதிரே இருப்பவர் கம்ப்யூட்டரில் ஏறிய கணக்கோடு ஒத்துப் பார்த்து “ஆச்சு” என்று சொல்ல வேண்டும். அவர் சொன்ன பிறகுதான் அடுத்த வரி. கிளைட்டன் சார் இளவயதில் பழகிய முறை, இன்னும் விடவில்லை. காலையில் நான் வாசிப்பேன், லிங்கராஜ் அண்ணன் ஆச்சு சொல்வார். மதியத்துக்கு மேல் அவர் துறைமுகத்துக்குப் போய்விடுவார். சார் உள்ளறையில் கதவை மூடிக்கொண்டிருப்பார், நான் தனியாக இருப்பேன். தனியாக இருந்தாலும் வாய்விட்டு வாசித்தே பழகிவிட்டது.

போன மாதம், உங்கள் முதல் கடிதம் வந்த வாரம், மதியம் நல்ல வெயில். ஒரு வரி வாசித்தேன். எதிர் நாற்காலியில் இருந்து “ஆச்சு” என்று கேட்டது.

பெண் குரல். கொஞ்சம் அலுப்பாக, சீக்கிரம் அடுத்ததுக்குப் போ என்பது மாதிரி. நான் எழுந்து வெளியே போய்க் குழாயில் முகம் கழுவிவிட்டு வந்தேன். திரும்ப வாசித்தேன். திரும்பக் கேட்டது. ஒவ்வொரு வரிக்கும் கேட்டது. பத்தாவதோ பதினொன்றாவதோ வரி, பதிலே இல்லை. அதுதான் அம்மா எனக்கு அதிகப் பயமாக இருந்தது. மறுபடி வாசித்தேன். அறை அப்படியே நின்றது. மூன்றாம் தடவை பில்லைக் கண்ணருகே வைத்துப் பார்த்தேன். 54 என்று இருந்ததைக் கம்ப்யூட்டரில் 45 என்று ஏற்றியிருந்தோம். திருத்தி வாசித்தேன். “ஆச்சு.”

அன்று முதல் தினமும் மதியம் இப்படித்தான். சரியாக இருந்தால் பதில் வரும். தப்பாக இருந்தால் வராது. இப்போதெல்லாம் என் வேலையில் பிழையே இல்லை என்று சார் பாராட்டுகிறார். எனக்குத்தான் தெரியும் அது யார் வேலை என்று.

எங்கள் சபையில் சொன்னால் போதகர் ஐயர் வந்து ஜெபம் பண்ணி விரட்டிவிடுவார். விரட்ட எனக்கு மனம் வரவில்லை. நீங்கள் ஒரு மதியம் வாருங்கள் அம்மா. உங்கள் பிள்ளையா என்று உங்களுக்குத்தானே தெரியும்.

ஜெமி


பெருங்குளம்
8.9.2025

அன்புள்ள ஜெமிக்கு,

உன் கடிதத்தைப் படித்துவிட்டு ரெண்டு நாள் உன்மேல் கோபமாக இருந்தேன். பொய் சொல்லுகிறாய் என்று இல்லை. பெற்றவளுக்குக் கேட்கவில்லை, முகம் பார்க்காத உனக்குக் கேட்கிறது. அவள் துணி, அவள் கட்டில், அவள் சீப்பு எல்லாம் இங்கே இருக்கிறது. நான் தினமும் பேசுகிறேன். ஒரு நாளும் ஒரு சத்தம் இல்லை. செத்த பிறகும் ஆபீஸுக்குத்தான் போவாளாம், வீட்டுக்கு வரமாட்டாளாம். உயிரோடு இருந்தபோதும் இப்படித்தான்.

நான் வரமாட்டேன். வந்து, உனக்குக் கேட்டு எனக்குக் கேட்காமல் போனால் நான் என்ன செய்வேன்?

ஆனால் ஒன்று புரிந்துவிட்டது. குறைந்த ஒரு மாதத்தைத்தான் வந்து பார்த்துக்கொண்டிருக்கிறாள். நீ வாசிப்பதை நிறுத்தாதே. பயமாக இருந்தால் சங்கிலியில் உங்கள் சிலுவையைப் போட்டுக்கொள், அவள் ஒன்றும் நினைக்கமாட்டாள். தீபாவளிக்குள் முடித்துவிடட்டும். முடித்ததும் சாரிடம் சொல். உன் காலில் விழுந்து கேட்கிறேன் என்று வைத்துக்கொள்.

மதியம் அவள் சாப்பிடாமல்கூட உட்கார்ந்திருப்பாள். உன் சாப்பாட்டை நீ நேரத்துக்குச் சாப்பிடு.

சங்கரம்மாள்


தூத்துக்குடி
10.10.2025

அன்புள்ள அம்மா,

கையெழுத்துக் கிடைத்துவிட்டது!

நான் சொல்லிக் கிடைக்கவில்லை. இன்று மதியம் நான் வாசித்துக்கொண்டிருந்தேன், வழக்கம்போல் பதில் வந்துகொண்டிருந்தது. சார் அறைக் கதவு திறந்தது. மூக்குக் கண்ணாடியைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார்.

“யாரும்மா உன்கூட வாசிக்கது?”

“நான் மட்டுந்தான் சார்.”

“இன்னும் ரெண்டு வரி வாசி.”

வாசித்தேன். ரெண்டுக்கும் பதில் வந்தது. சார் அங்கனயே ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். கண்ணாடியை மாட்டி எதிர் நாற்காலியைப் பார்த்தார். “எவ்வளவு நாளா?” என்று கேட்டார். எல்லாவற்றையும் சொன்னேன். உங்கள் ஓலைப்பெட்டியையும் சொன்னேன். சார் உள்ளே போய் அனுபவச் சான்றுப் படிவத்தை எடுத்து வந்தார். “ஒரு மாசம் பாத்துட்டா. நான் என் காதால கேட்டேன்” என்றார். என் மேஜையிலேயே வைத்து நிரப்பினார். சேர்ந்த நாள் 18.3.2024. முடித்த நாள் என்ற இடத்தில் இன்றைய தேதியைப் போட்டார். அமெரிக்காவுக்கு அனுப்ப முடியாது, அம்மாவுக்குக் கொடு என்றார்.

சார் கையெழுத்துப் போட்ட பிறகு வேலையைத் தொடர்ந்தேன். குரல் வரவில்லை அம்மா. மாலை வரை வாசித்தேன். சரியான வரிக்கும் வரவில்லை. அவளுக்கு நிம்மதி கிடைத்துவிட்டது என்று நினைக்கிறேன். எனக்குத்தான் அறை ரொம்பப் பெரிசாகத் தெரிகிறது. அழுகையும் வந்தது.

படிவத்தை இதோடு பதிவுத் தபாலில் வைத்திருக்கிறேன். பெட்டியில் வையுங்கள்.

உங்கள்,
ஜெமி


பெருங்குளம்
17.10.2025

என் ஜெமிக்கு,

தபால்காரர் நேற்று மதியம் வந்தார். கையெழுத்தைத் தடவிப் பார்த்தேன். உடனே பெட்டியில் வைக்க மனம் வரவில்லை. பத்தாவது வரை படித்தவள் நான், எழுத்துக் கூட்டி இங்கிலீஷ் வாசிப்பேன். மகள் இவ்வளவு ஆசைப்பட்ட காகிதத்தை ஒரு தடவை வாய்விட்டு வாசிப்போம் என்று நடுவீட்டில் உட்கார்ந்தேன்.

அவள் பெயரை வாசித்தேன். அடுப்படியில் இருந்து “ஆச்சு” என்றாள்.

ஜெமி, அவள்தான். அதே அலுப்புக் குரல். நான் எழுந்து ஓடவில்லை. ஓடிப்போய்ப் பார்த்து அங்கே யாரும் இல்லை என்றால் குரலும் போய்விடும் என்று பயந்தேன். உட்கார்ந்த இடத்திலேயே அடுத்த வரியை வாசித்தேன். சார் பெயர். ஆச்சு. சேர்ந்த நாள். ஆச்சு. எனக்குக் கண்ணீர் எழுத்தை மறைக்கிறது, துடைத்துத் துடைத்து வாசிக்கிறேன்.

முடித்த நாள் 10.10.2025 என்று வாசித்தேன்.

பதில் இல்லை.

மறுபடி வாசித்தேன். என் வாசிப்பில்தான் தப்போ என்று ஒவ்வொரு எண்ணாக விரல் வைத்து வாசித்தேன். அடுப்பில் கொதித்துக்கொண்டிருந்த உலைச்சத்தம்கூட நின்றுபோன மாதிரி இருந்தது. பதில் வராவிட்டால் என்ன அர்த்தம் என்று நீதானே எனக்குச் சொல்லிக் கொடுத்தாய்.

அவளுக்கு நிம்மதி கிடைக்கவில்லை, ஜெமி. அந்தத் தேதி அவளுக்குப் பிடிக்காமல்தான் உங்கள் ஆபீஸை விட்டு, காகிதத்தோடு கூடவே இங்கே வந்து நின்றிருக்கிறாள். சார் முதலில் சொன்னது சரி. நானும் நீயும் அழுது, அவரையும் அழ வைத்து, ஒரு பொய்க் கணக்கு எழுத வைத்துவிட்டோம். தலை நனையாமலே குளிச்சாச்சு என்று என்னிடம் சொல்வாளே தவிர, கணக்கில் அவளுக்குப் பொய் ஆகாது.

அப்புறம் புரிந்தது, அவள் யாருடைய பதிலுக்குக் காத்திருக்கிறாள் என்று. முடித்த நாள் எது என்று எனக்குத் தெரியும். ஊரே எழுதியது. ஆஸ்பத்திரியில் எழுதினார்கள், போலீஸில் எழுதினார்கள், தெருமுனை போஸ்டரில் எழுதினார்கள். நான் எழுதவில்லை. எழுதாவிட்டால் இன்னும் ஒரு மாதம் பாக்கி இருக்கிறது, அதைப் பார்த்து முடிக்கும்வரை இருப்பாள் என்று என் மனசுக்குள் ஒரு கிறுக்கு.

படிவத்தைத் திருப்பி அனுப்புகிறேன். சாரிடம் புதிதாக ஒன்று போடச் சொல். பதினொரு மாதம் என்றே இருக்கட்டும். பார்த்த வேலைக்குப் பார்த்தேன் என்று அவர் எழுதுவது போதும். குறையோடேயே கும்பிட்டுக்கொள்கிறேன். தீபாவளிக்குள் வராவிட்டாலும் பரவாயில்லை.

நீ உன் வருஷத்தை முழுசாக முடி. ஒரு நாள்கூடக் கூட்டி எழுதாதே. கையெழுத்து வாங்கியதும் நேரே இங்கே வா, பொங்கல் வைக்கிறேன். அதுவரை ஊரில் யார் கேட்டாலும் “இன்னும் ஆகல” என்று தைரியமாகச் சொல்.

சாருக்குக் காட்டுவதற்காக, சரியான கணக்கை என் கையால் கீழே எழுதியிருக்கிறேன்.

பேச்சிச்செல்வி.
சேர்ந்த நாள் 18.3.2024.
முடித்த நாள் 18.2.2025.

எழுதிவிட்டுச் சத்தமாக வாசித்தேன். கடைசி வரியை ஒவ்வொரு எண்ணாக விரல் வைத்து வாசித்தேன். இந்தத் தடவை அடுப்படியில் இருந்து வரவில்லை. என் பக்கத்தில், தோளுக்கு வெகு அருகில் இருந்து வந்தது.

“ஆச்சும்மா.”

உன்,
சங்கரம்மாள்