கடற்கரைக்குப் போகட்டுமா

அன்புள்ள பெரியவளுக்கு அப்பா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் சுகமாக இருக்க வேண்டும். இங்கே எல்லோரும் சுகம் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன், கை வரவில்லை. உடம்புக்கு ஒன்றும் இல்லை, பயப்படாதே. அம்மாவுக்கு முழங்கால் வலி மட்டும் அப்படியே இருக்கிறது, சீருடைக் கடையில் தையல் மெஷினை மிதித்து மிதித்து வந்தது, சொன்னால் கேட்கிறாளா. போனில் பேசினால் நீ நல்லா இருக்கேன்பா என்பாய், நான் சரிம்மா என்று போனை அம்மாவிடம் கொடுத்துவிடுவேன், நம் பேச்சு அவ்வளவுதான். அதனால்தான் காகிதத்தை எடுத்தேன்.

சின்னவளுக்குப் பள்ளிக்கூடம் முடிந்தது. கடைசிப் பரீட்சை எழுதிவிட்டு வந்த அன்றைக்கே, நான் வேலை முடிந்து கையில் இருந்த கிரீஸைத் துடைத்துக்கொண்டிருந்தபோது பக்கத்தில் வந்து நின்றாள். வகுப்புப் பிள்ளைகள் ஒன்பது பேர் மூன்று நாள் கடற்கரைக்குப் போகிறார்களாம், வியாழக்கிழமை காலை பஸ், பெரியவர்கள் யாரும் கூட வரவில்லை, நானும் போகட்டுமாப்பா என்று கேட்டாள். எல்லாம் பதினேழு வயதுப் பெண்கள், இவளுக்கு நீந்தவும் தெரியாது. பார்க்கலாம் என்றேன். நீ இதைப் படித்துச் சிரிப்பாய், அல்லது சிரிக்கமாட்டாய். உன் அம்மா மட்டும் சமையலறையிலிருந்து, வேணாம்னா வேணாம்னு சொல்லித் தொலைங்களேன், பிள்ளைய ஏன் தொங்கல்ல விடுறீங்க என்று கத்தினாள். நான் என்ன செய்வேன், முப்பது வருஷமாக லிஃப்ட் பழுது பார்க்கிறவன். இன்னைக்கு ஓடுமா என்று கேட்டால், மேலே ஏறிக் கயிற்றையும் கதவையும் சோதிக்காமல் எவனுக்கும் ஓடும் என்று சொன்னதில்லை, ஓடாது என்றும் சொன்னதில்லை. பார்க்கலாம் என்பதுதான் வாயில் வரும்.

ஆனால் இந்தத் தடவை நிஜமாகவே பார்க்கப் போனேன். செவ்வாய்க்கிழமை லீவு போட்டுவிட்டு, வெளியூரில் வேலை என்று வீட்டில் பொய் சொல்லிவிட்டு, இரண்டு பஸ் மாறி அந்தக் கடற்கரைக்கே போய்விட்டேன். பிள்ளைகள் தங்கப்போகிற விடுதியைக் கண்டுபிடித்து அறையைப் பார்த்தேன். கூட்டுகிற அம்மாளை வெளியிலிருந்து கதவைத் தள்ளச் சொல்லிவிட்டு, உள்ளே நின்று தாழ்ப்பாள் தாங்குகிறதா என்று பார்த்தேன், அந்த அம்மாள் என்னைப் பைத்தியம் என்றே முடிவு கட்டியிருப்பாள். அங்கே லிஃப்ட் கதவு தாமதமாக மூடியது, முதலாளியிடம் சொன்னால் நீங்க யாருங்க என்று கேட்கிறான், சட்டைப் பையிலிருந்த திருப்புளியால் நானே சரிசெய்துவிட்டு வந்தேன். பிறகு கரையில் காவலுக்கு இருக்கிறவரிடம் என் வேலையைச் சொல்லிப் பேசினேன். சிவப்புக் கொடி நட்டா இறங்கக் கூடாது, நடலைன்னா முழங்கால் வரைக்கும் போகலாம், நான் இங்கேதான் இருப்பேன் என்றார். இதுவரை எத்தனை பேரை இழுத்துக் கரை சேர்த்திருக்கிறீர்கள் என்று கேட்டேன், நீங்க லிஃப்ட்ல மாட்டினவங்க எத்தனை பேரை வெளியே எடுத்தீங்க என்று திருப்பிக் கேட்டார். இரண்டு பேருமே எண்ணி வைத்திருக்கவில்லை. அவர் கழுத்தில் தொங்கியது போலவே ஒரு விசில் சின்னவளுக்கு வாங்கினேன். கால்சட்டையைச் சுருட்டிக்கொண்டு நானும் முழங்கால் வரை இறங்கி நின்றேன். அப்போதுதான் உன் நினைவு வந்தது. எட்டு வருஷத்துக்கு முன்னால் நீ கேட்டதும் இதே கடற்கரைதான்.

வீட்டுக்கு வந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல், போயிட்டு வாம்மா என்றேன். சின்னவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள். பரவாயில்லப்பா, என் இடத்துல வேற ஆள் சேர்த்தாச்சு என்றாள். எங்கப்பா பார்க்கலாம்னு சொல்லிட்டார் என்று திங்கட்கிழமையே தோழிகளிடம் சொன்னாளாம், அவர்களுக்கும் அர்த்தம் விளங்கிவிட்டதாம். நான் போய்ப் பேசிப் பார்க்கட்டுமா என்றேன், வேணாம்பா என்றாள். கோபமே இல்லை அவள் குரலில். கோபப்பட்டிருந்தால் எனக்கு எவ்வளவு ஆறுதலாக இருந்திருக்கும். வியாழக்கிழமை காலை அந்த பஸ் நம் தெரு முனையில் திரும்பும்போது அவள் பால்கனியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள், பிள்ளைகள் ஜன்னல் வழியாகக் கூச்சல் போட்டுக் கையை ஆட்டினார்கள், இவள் ஈரத் துண்டை ஆட்டினாள். நான் உள்ளே போய் உட்கார்ந்துவிட்டேன். விசில் என் சாவிக்கொத்துகளோடு ஆணியில் தொங்குகிறது.

இப்படித் தனியாக விடுவது சரியா தப்பா என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. கீழ்வீட்டு பேக்கரிக்காரர் தன் பெண்ணை அனுப்பினார், அவள் முகம் கறுத்து, தொண்டை கட்டி, சந்தோஷமாகத் திரும்பி வந்தாள். மேல்வீட்டு டிரைவர் முடியவே முடியாது என்றார், அந்தப் பெண் இரண்டு நாள் சாப்பிடாமல் சண்டை போட்டுவிட்டு மூன்றாம் நாள் அவரோடு உட்கார்ந்து டீவி பார்க்கிறாள். நான் அனுப்பவும் இல்லை, தடுக்கவும் இல்லை, சண்டை போடக்கூட லாயக்கில்லாத தகப்பனாகிவிட்டேன். எட்டு வருஷத்துக்கு முன்னால் நீ பையைக் கட்டிவைத்துக்கொண்டு மாடிப்படியில் உட்கார்ந்திருந்தாய், நான் உனக்கும் பார்க்கலாம் என்றுவிட்டு உன்னைத் தாண்டி வேலைக்குப் போனேன். அதற்குப் பிறகு நீ என்னிடம் எதையும் கேட்டதில்லை. வேலையில் சேர்ந்ததைச் சொன்னாய், அவ்வளவு தூரம் போவதைச் சொன்னாய், மாப்பிள்ளையைப் பற்றியும் சொன்னாய், எதற்கும் போகட்டுமா, செய்யட்டுமா என்று கேட்கவில்லை. பொறுப்பான பெண் என்று நானும் பெருமையாக ஊரெல்லாம் சொல்லித் திரிந்தேன். நேற்று சின்னவளுக்கு ஒரு கடிதம் வந்தது, இரண்டு நாள் பயணத் தொலைவில் ஒரு கல்லூரியில் இடம் கிடைத்திருக்கிறது, விண்ணப்பம் போட்டதே எனக்குத் தெரியாது. அம்மாவிடம் சொன்னாளாம். இந்த வீட்டில் இனி என்னிடம் கேட்பதற்கு யாரும் இல்லை.

மாப்பிள்ளையை விசாரித்ததாகச் சொல். குனிந்தே வேலை பார்க்காதே, கழுத்து வலி வரும். மூடுகிற லிஃப்ட் கதவுக்கு நடுவில் கையை விடாதே, எத்தனை தடவை சொன்னாலும் நீ கேட்கமாட்டாய். நீங்கள் இரண்டு பேரும் நோய்நொடி இல்லாமல் நிறைவாக வாழ வேண்டும் என்று அம்மாவும் நானும் தினமும் நினைத்துக்கொள்கிறோம்.

ஒன்றே ஒன்று. விடுமுறைக்கு வருகிறாயா என்று மூன்று வருஷமாகக் கேட்கிறேன், மூன்று தடவையும் பார்க்கலாம்பா என்றாய். அதை நம்பி மூன்று தடவையும் உன் அறைக்கு வெள்ளையடித்தேன். பார்க்கலாம் என்பதற்கு என்ன அர்த்தம் என்று நேற்றுத்தான் எனக்குப் புரிந்தது. இந்தத் தடவை வரமாட்டேன் என்றால் வரமாட்டேன் என்றே எழுதிவிடம்மா.

இப்படிக்கு,
உன் அப்பா