நீல டப்பாதான் உனக்கு

ஏட்டி பிரீனா,

எனக்கு ஏழு மணி பஸ்ஸப் பிடிக்கணும். உன்ன எழுப்ப மனசு வரல்ல. புட்டும் பயறும் மூடி வச்சிருக்கேன். நேத்து சாப்பிடாமதான படுத்த, முழுசும் தின்னணும்.

காலையில சார்ஜாவுக்கு வீடியோ கால் போட்டு, நீ கக்கத்தில அடிக்கிய பச்சை ஸ்ப்ரே டப்பாவ அப்பாக்குக் காட்டினேன். விழுந்து விழுந்து சிரிச்சாவ. அது பாத்ரூம்ல மணத்துக்கு அடிக்கியதாம்! உனக்கு வாங்கினது நீலமாம். ரெண்டிலயும் அரபி எழுத்து. அப்பா அனுப்பின பெட்டியப் பிரிச்சு மாத்தி வச்சது நான்தான். கக்கம் எரிஞ்சது அதனாலதான், வேற ஒண்ணும் இல்ல. எனக்கு இப்பதான் மூச்சு வந்தது.

"ஸ்ப்ரே அடிச்சும் நாறுதும்மா"ன்னு நீ அழுதப்ப, "ஒழுங்கா குளிச்சா ஏன் நாறும்?"னு நான் கேட்டிருக்கக் கூடாது. இந்த வயசில எல்லாருக்கும் வேர்வை கூடும். எனக்கும் கூடிச்சு. அத எப்படி மறந்தேன்னு தெரியல்ல.

சோப்பு போட்டுக் குளிச்சு, கக்கத்த நல்லா துவட்டு. எரிச்சல் மாறுற வரைக்கும் நீலமும் வேண்டாம். பருத்திச் சுடிதார் தேச்சு வச்சிருக்கேன். உன் கூட்டுக்காரி ஜினிஷா தள்ளி நின்னான்னு சர்ச்சு பாட்டு பிராக்டிசுக்குப் போகாம இருக்காத. சாவிய அடுத்த வீட்டு செல்லபாய் மாமிகிட்ட குடுத்துட்டுப் போ.

அம்மா

பின்ன ஒண்ணு: போன ஞாயிறு மாமி நம்ம பாத்ரூமுக்குப் போயிட்டு வந்து, "என்னா மணம்!"னு சொன்னாவல்லா? நானும் பெருமையா சிரிச்சேன். அது உனக்கு வாங்கின மணம், மக்கா.